பயனாளி என்னும் சொல்

வளர்ச்சித் திட்ட அறிக்கைகளையும் நான் இலக்கியப் பிரதிகளைப் போலவே வாசிக்கிறேன்: யார் எழுவாய், யார் செயப்படுபொருள்? ரோமில் இயங்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பின்னர் நெல்லிக்குப்பம் அடங்கிய அன்றைய தென்னாற்காட்டுக்கும் வந்தன. அறிக்கை மொழியில் நிதியம் வழங்குகிறது, அரசு செயல்படுத்துகிறது, பெண் ‘பயனடைகிறாள்’. ஆனால் கூட்டம் கூட்டி, தீர்மானப் புத்தகம் எழுதி, வங்கிக்கு அலைந்து, ஒருத்தி தவறிய தவணையைச் சேர்ந்து கட்டியவர்கள் பெண்களே. பெரும்பாலும் கூலியில்லாத அந்த வேலையின்மேல்தான் திட்டம் நின்றது. ‘பயனாளி’ என்ற சொல் அதை மறைத்து, அவளை நன்றிக்கடன் பட்டவளாக்குகிறது. வாங்கிய கடனை வட்டியோடு கட்டியவளுக்கு ஏது நன்றிக்கடன்? பன்னாட்டு ஒத்துழைப்புப் பணிக்குப் போக விரும்பும் மாணவியர் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கட்டும். ஒத்து உழைப்பது என்றால், உழைத்தவளின் பெயர் எழுவாயாக வரவேண்டும்.