கறுப்பு மைக்கு அடியில் ஒரு வழக்கு

அரசின் அதிகாரத்திற்குச் சட்டம் விதிக்கும் எல்லை எதுவென்று அறிய விரும்புவோர் அரசியல் சாசனங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் புரட்டிப் பார்ப்பது வழக்கம். அந்த எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்ட ஒருவர் எழுதிய நூலை அதே நோக்கத்துடன் படிப்போர் குறைவு. 2015 ஜனவரியில் வெளிவந்த 'குவாண்டனாமோ டைரி' அவ்வாறு படிக்கப்பட வேண்டிய நூல். அதன் ஆசிரியர் மௌரித்தானியாவைச் சேர்ந்த முஹம்மதூ வலத் ஸலாஹி. நூல் விற்பனைக்கு வந்த நாளில் அவர் சிறையில்தான் இருந்தார். சிறைத் துயரத்தின் கதையாக இந்நூல் பல நாடுகளில் போற்றப்பட்டது. 2021-இல் திரைப்படமாகவும் வந்தது. துயரம் உண்மையே. ஆயினும் இதனை ஒரு சட்ட ஆவணமாகவும் சேர்த்துப் படித்தாலன்றி இதன் முழுப்பொருள் விளங்காது என்பது நம் கருத்து.

ஸலாஹி 1970-இல் பிறந்தவர். இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்த ஹாபிள். 1988-இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனிக்குச் சென்று மின்பொறியியல் பயின்றார். 1990-களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானுக்குச் சென்று, அமெரிக்காவும் எதிர்த்துவந்த அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான அணியில் அல்-காயிதாவில் சேர்ந்தார். 1992-க்குப் பின் அத்தொடர்பை அறுத்துக்கொண்டதாகக் கூறுகிறார். 2001 நவம்பரில் நுவாக்‌ஷோத் நகரில் காவல்துறை அழைத்தபோது தம் காரைத் தாமே ஓட்டிச் சென்று நேர்நின்றார். அங்கிருந்து ஜோர்தானுக்கும், 2002 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திற்கும், ஆகஸ்டில் குவாண்டனாமோவுக்கும் கொண்டு செல்லப்பட்டார். 2016 அக்டோபரில் விடுவிக்கப்படும் வரை அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவு செய்யப்படவில்லை.

இவ்விடத்தில் சட்டப் பின்னணியைச் சற்று நோக்க வேண்டும். குவாண்டனாமோ கியூபாவின் மண். 1903 குத்தகை ஒப்பந்தம் இறுதி இறையாண்மையைக் கியூபாவுக்கும், முழு ஆளுகையையும் கட்டுப்பாட்டையும் அமெரிக்காவுக்கும் அளித்தது. கைதிகளை அங்கே வைத்தால் அமெரிக்க நீதிமன்றங்களின் கை எட்டாது என்பதே புஷ் அரசின் வாதம். ஆட்கொணர்வு மனுவோ ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்த பழைய உரிமை. கலகமோ படையெடுப்போ நேர்ந்து பொதுப் பாதுகாப்பு கோரினாலன்றி அதனை நிறுத்திவைக்கக் கூடாதென அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதற்பிரிவு கூறுகிறது. 2004 ஜூனில் ரசூல் வழக்கில், குவாண்டனாமோ கைதிகளும் அம்மனுவைத் தாக்கல் செய்யலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இலும் 2006-இலும் காங்கிரஸ் சட்டமியற்றி அந்த வழியை அடைக்க முயன்றது. 2008 ஜூன் 12-ஆம் நாள் பூமதீன் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அந்த அடைப்பு செல்லாது என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஒரு நிலப்பகுதியின் பெயரளவு இறையாண்மையைப் பிறரிடம் விட்டுவிட்டு, அங்கே சாசனத்தின் கட்டுப்பாடின்றி ஆள்வதற்கு அரசுக்கு உரிமையில்லை என்பதே நீதிபதி கென்னடி எழுதிய அத்தீர்ப்பின் சாரம்.

தாளில் எல்லை இவ்வளவு தெளிவாக வரையப்பட்ட பிறகு, களத்தில் அது எவ்வாறு நின்றது? இக்கேள்விக்கு ஸலாஹியின் நூல் தன் தோற்றத்தாலேயே விடை சொல்கிறது. 2005-இல் தனிமைச் சிறையில் கைப்பட எழுதிய 466 பக்கங்களே இதன் மூலம். அதில் 2,500-க்கும் மேற்பட்ட இடங்களை அரசுத் தணிக்கையாளர்கள் கறுப்பு மையால் அழித்தனர். பதிப்பாசிரியர் லாரி சீம்ஸ் அந்தக் கறுப்புப் பட்டைகளை நீக்காமல் அப்படியே அச்சிட்டார். இது பதிப்புக் கலையில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவென்போம். ஏனெனில் ஸலாஹி எழுதிய பிரதியின் மீதே அரசு எழுதிய இன்னொரு பிரதியும் வாசகர் கைக்கு வந்து சேர்கிறது.

அந்த இரண்டாம் பிரதி ஆராயத்தக்கது. விசாரணை அதிகாரிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டதைப் பாதுகாப்புக் காரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பெண் விசாரணையாளர்களைச் சுட்டும் 'அவள்' என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சுட்டுப்பெயர் இடந்தோறும் அழிக்கப்பட்டிருக்கிறது. 'அவன்' என்பதற்குரிய சொல்லோ பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. இதனால் கறுப்புப் பட்டை வந்தாலே அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று வாசகர் கண்டுகொள்கிறார். மறைக்க வந்த மையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வேறோர் இடத்தில் அழிக்கப்பட்ட சொல் 'கண்ணீர்' ஆக இருக்கலாம் எனப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் ஊகிக்கிறார். ஒரு கைதி அழுதான் என்பது எந்த நாட்டின் இராணுவ இரகசியம்? காரணம் கூறும் கடமை இல்லாத அதிகாரம் எதை மறைப்பது, எதை விடுவது என்ற பகுத்தறிவையும் இழந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நூலின் மொழிநடையையும் குறிப்பிட வேண்டும். அரபு, பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றுக்குப் பின் ஸலாஹி கற்ற நான்காம் மொழி ஆங்கிலம். அதனைப் பெரும்பாலும் காவலர்களிடமும் விசாரணையாளர்களிடமும் கேட்டே கற்றார். ஆகவே சொல்வளம் குறுகியது, கொச்சைகள் மிகுந்தது. அக்குறுகிய சொற்களைக் கொண்டே அவர் நகைச்சுவையைப் படைக்கிறார். தம்மை வதைத்தவர்களிடையேயும் நல்லவர், கோழை, விளையாட்டுப் பிள்ளை என்று ஆள் ஆளாக வேறுபடுத்திக் காட்டுகிறார். அரபு இலக்கியத்தில் சிறைப்பாடலுக்கு நீண்ட மரபுண்டு. பத்தாம் நூற்றாண்டில் பைஸாந்தியரிடம் சிறைப்பட்ட அபூ ஃபிராஸ் அல்-ஹம்தானியின் 'ரூமிய்யாத்' கவிதைகள் அதன் சிகரம். அபூ ஃபிராஸுக்கு முறையிட ஒரு முகவரி இருந்தது. மீட்புத்தொகை தரத் தாமதித்த ஸைஃபுத் தவ்லாவை நோக்கி அவர் பாடினார். ஸலாஹிக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. தம்மைச் சிறையில் வைக்க முடிவெடுத்தவர் யார், எந்த ஆதாரத்தில் என்பதை அவரால் இறுதிவரை அறிய முடியவில்லை. ஆகவே நூல் முழுதும் அவர் வாசகரிடமே முறையிடுகிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. விசாரணைக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதால் இடைப்பகுதி தொய்கிறது. அதைவிட முக்கியமானது, ஆப்கானிஸ்தான் நாட்களைப் பற்றி நூல் சுருக்கமாகவே பேசுவது. வழக்கு நிலுவையில் இருக்கும் கைதி அப்படித்தான் எழுதுவார் என்பதை உணர்ந்தாலும், வாசகருக்கு அங்கே ஓர் இடைவெளி தோன்றவே செய்கிறது. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூறும் சாட்சியத்தை அளந்தே ஏற்க வேண்டும். இது சாட்சியச் சட்டத்தின் பாலபாடம். ஆயினும் சித்திரவதை பற்றி அவர் கூறுவதை அவர் வாக்கை மட்டும் நம்பி ஏற்க வேண்டியதில்லை. 2003 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அவருக்கென்றே ஒரு தனி விசாரணைத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தார். அவருடைய தாயாரையும் குவாண்டனாமோவுக்குக் கொண்டுவரக்கூடும் என்று மிரட்டும் போலிக் கடிதம் அவரிடம் காட்டப்பட்டதை அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையே பதிவு செய்தது. அவர் மீது வழக்குத் தொடர நியமிக்கப்பட்ட இராணுவ வழக்கறிஞர் ஸ்டூவர்ட் கவுச், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நண்பரைப் பறிகொடுத்தவர். அவரே 2004-இல், வதைத்துப் பெற்ற வாக்குமூலத்தைக் கொண்டு வழக்காட மாட்டேன் என்று விலகினார்.

2010 மார்ச்சில் மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன் ஸலாஹியின் ஆட்கொணர்வு மனுவை ஏற்று அவரை விடுவிக்க உத்தரவிட்டார். அரசின் ஆதாரங்கள் நலிந்தவை அல்லது வதையால் கறைபட்டவை. ஒருவர் பழைய உறவை மீண்டும் தொடரக்கூடும் என்ற ஐயத்திற்காக அவரைக் காலவரையின்றி அடைத்துவைக்கச் சட்டம் இடந்தராது என்பது அவர் கண்ட முடிவின் சாரம். அரசு மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வழக்கை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பியது. அதன்பின் ஆறாண்டுகள் ஸலாஹி அங்கேயே இருந்தார். இறுதியில் அவரை விடுவித்தது நீதிமன்றம் அன்று. அரசுத் துறைகளின் பிரதிநிதிகள் அமர்ந்த மறு ஆய்வுக் குழு. அவரை அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்பதை அக்குழு கேட்கவில்லை. இனி இவரால் ஆபத்துண்டா என்பதையே கேட்டது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விபத்தாயின் விட்டுவிடலாம். யெமன் நாட்டவரான அத்னான் லத்தீஃபும் 2010-இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரசின் உளவு அறிக்கை முறைப்படி தயாரானது என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று கூறி, 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வெற்றியைப் பறித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2012 செப்டம்பரில் அவர் சிறையிலேயே மாண்டார். பூமதீன் தீர்ப்பு உரிமையை அறிவித்ததே தவிர, எத்தகைய சான்று போதும், ஐயத்தின் பயன் யாருக்கு என்பவற்றைக் கீழ் நீதிமன்றங்களின் பொறுப்பில் விட்டது. இத்தீர்ப்பால் கைதிகளுக்குக் கிடைப்பது மேலும் வழக்காடும் வாய்ப்பு மட்டுமே என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் அன்றே எழுதினார். எதிர்ப்பாகச் சொல்லப்பட்ட அச்சொல் பலருக்குத் தீர்க்கதரிசனம் போல் பலித்துவிட்டது.

அப்படியாயின் அந்த உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காயா? இங்கேதான் நம் வாசிப்பு, இந்நூலை அமெரிக்க நீதியின் தோல்விக்குச் சான்றாக மட்டும் காட்டுவோரிடமிருந்து பிரிகிறது. ஸலாஹியின் கையெழுத்துப் பிரதி வெளியே வந்தது எப்படி? 2004 ரசூல் தீர்ப்புக்குப் பின்னரே வழக்கறிஞர்கள் கைதிகளைச் சந்திக்க முடிந்தது. ஸலாஹி எழுதியவை தம் வழக்கறிஞர்களுக்கு எழுதிய மடல்களாகவே சிறையைக் கடந்தன. அவற்றின் இரகசிய முத்திரையை நீக்க அவ்வழக்கறிஞர்கள் ஆறாண்டுகளுக்கும் மேல் போராடினர். ஆட்கொணர்வு மனு என்ற வாசல் அறவே மூடப்பட்டிருந்தால், அந்த 466 பக்கங்களும் அவற்றை எழுதியவரின் பெயரும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அம்மனு அவரை விடுவிக்கவில்லை. அவர் குரலை விடுவித்தது. அதிகாரத்தின் மீது சட்டம் விதித்த எல்லை அந்த அளவில் வேலை செய்திருக்கிறது. அந்த அளவோடு நின்றும் விட்டது.

ஹாரூன் அர்-ரஷீதுக்காகத் தாம் எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் காழி அபூ யூசுஃப், வெறும் குற்றச்சாட்டின் பேரில் எவரையும் சிறையிடக் கூடாது. இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திச் சான்று கேட்க வேண்டும். சான்று இல்லையேல் பிணை பெற்று விட்டுவிட வேண்டும் என்று கூறியிருப்பதை நம்மவர்கள் பெருமையுடன் எடுத்துக்காட்டுவதுண்டு. பெருமைக்குரியதே. ஆனால் அது ஆட்சியாளருக்கு ஓர் அறிஞர் கூறிய அறிவுரை. ஆட்சியாளர் ஏற்காவிடில் அவரைப் பணிய வைக்கும் வழி அதில் இல்லை. கைதியே ஆட்சியாளரை நீதிமன்றத்திற்கு இழுக்கலாம் என்ற ஏற்பாடுதான் ஆட்கொணர்வு மனுவின் தனிச்சிறப்பு. அந்த ஏற்பாடும், நீதிபதி சான்றைக் கேட்டுப் பார்க்கத் துணியாதபோது, மீண்டும் அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது என்பதே குவாண்டனாமோ வழக்குகள் கற்பிப்பது.

இது பழங்கதையன்று. 2025 ஜனவரியில் குவாண்டனாமோவில் 15 கைதிகள் எஞ்சியிருந்தனர். அதே மாதம் டிரம்ப் அரசு குடியேறிகளை அடைத்துவைக்கவும் அத்தளத்தை விரிவாக்க உத்தரவிட்டது. மார்ச்சில் ஒரு குடியேறி, நீதிமன்ற உத்தரவுக்கு மாறாகத் தவறுதலாக எல் சால்வடார் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் இப்போது எங்கள் வசம் இல்லை என்று அரசு வாதிட்டது. கியூபாவின் மண் என்று முன்பு வாதிட்டதன் மறுபிறப்பு இது. அவர் திரும்பிவர வழிசெய்ய வேண்டும் என்ற கீழ் நீதிமன்றத்தின் கட்டளையை ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஜூன் மாதம் அவர் வேறொரு குற்ற வழக்கை எதிர்கொள்ளக் கொண்டுவரப்பட்டார். அதே ஏப்ரலில் 1798-ஆம் ஆண்டின் அந்நியப் பகைவர் சட்டம் குறித்த வழக்கில், நாடுகடத்தப்பட இருப்போருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். ஆனால் அவர்கள் தாம் அடைக்கப்பட்ட இடத்திலேயே ஆட்கொணர்வு மனு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வாசல் உண்டு, ஆனால் அதைத் தேடிச் செல்லும் சுமை கைதியின் தலையில் என்ற நிலை மாறவில்லை.

2017-இல் இந்நூலின் நிறைவுப் பதிப்பு வெளிவந்தது. விடுதலை பெற்ற ஸலாஹியே பதிப்பாசிரியருடன் அமர்ந்து கறுப்புப் பட்டைகள் இருந்த இடங்களை நினைவிலிருந்து நிரப்பினார். படிக்க அதுவே எளிது. ஆயினும் முதற்பதிப்பையே வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டுமெனப் பரிந்துரைக்கிறோம். அரசு எதைச் செய்யலாம் என்பதைத் தீர்ப்புகள் கூறும். கேட்பாரின்றி விட்டால் அது எதையெல்லாம் செய்யும் என்பதை அந்தக் கறுப்புப் பட்டைகள் காட்டும்.