தீயில் ஆடும் கோடு

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இராமாயணம் ஊர்ப்பெயர்களோடு கலந்து கிடக்கிறது. இராவணனைக் கொன்ற பாவம் தீர இராமன் வழிபட்ட தலம் என்று சிலாபத்துக்குப் பக்கத்திலுள்ள முன்னேஸ்வரத்தைச் சொல்கிறோம். மானாவரி என்ற ஊரில் அவனே லிங்கம் வைத்துப் பூசித்தான் என்பது ஐதீகம். வடக்கே உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் இன்றும் தீ மிதிக்கிறார்கள். தீயின் முன்னால் நிற்கும் பெண்ணின் கதை இந்தக் கரைக்குப் புதிதல்ல. அதனால் 'சீதா சிங்ஸ் த புளூஸ்' என்ற அனிமேஷன் படத்தை நாம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான உரிமையோடு பார்க்கலாம்.

2008இல் பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, அதே ஆண்டு அன்னெசி அனிமேஷன் விழாவில் சிறந்த முழுநீளப் படத்துக்கான பரிசை வென்ற படம் இது. ஓடும் நேரம் 82 நிமிடங்கள். படத்தின் அனிமேஷனை ஏறத்தாழ முழுவதும் தனியாகவே செய்தவர் நீனா பேலி என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர். 2002இல் கணவரின் வேலை காரணமாகத் திருவனந்தபுரம் வந்தபோதுதான் அவர் இராமாயணத்தைப் படித்தார். பிறகு அவர் நியூயோர்க்கில் இருந்த நேரத்தில், திரும்பி வரவேண்டாம் என்று கணவர் மின்னஞ்சலில் எழுதிவிட்டார். கைவிடப்பட்ட அந்தத் துயரத்துக்குச் சீதையிடம் அவர் துணை தேடினார். 1920களில் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த அனெட் ஹான்ஷா என்ற பாடகியின் காதல் பாட்டுகளைச் சீதையின் வாயில் வைத்தார்.

படத்தில் ஒரே கதை பல கைகளில் வரைந்தது போலப் பல பாணிகளில் வருகிறது. நிழற்பொம்மைகள் மூன்று கூடிக் கதை சொல்கின்றன. குரல் கொடுத்த மூவரும் இந்தியர்கள். எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், நினைவில் இருந்ததைப் பேசினார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார், மூன்றாமவர் திருத்துகிறார். இராமாயணம் நம் வீடுகளில் எப்படிப் பேசப்படுகிறதோ அப்படியே பேசப்படுகிறது. உரையாடல் காட்சிகளில் பக்கவாட்டு முகம் காட்டும் ராஜபுத்திரச் சிற்றோவியங்களின் சாயலில் பாத்திரங்கள் நிற்கின்றன. நீனாவின் சொந்தக் கதை நடுங்கும் பேனாக் கோட்டில் ஓடுகிறது. பாட்டு வரும்போது மட்டும் எல்லாம் வழவழப்பாகிவிடுகிறது: வட்டத் தலை, பெரிய கண்கள், உடுக்கை போன்ற இடை, வளைவாக அசையும் இடுப்பு.

அந்தப் பாட்டுச் சீதையை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். அவளுடைய தோளிலிருந்து விரல் வரை இறங்கும் கை ஒரே வளைவு. முழங்கை என்று தனியாக ஒரு முறிப்பு இல்லை. ஆனாலும் அந்தக் கை ஏங்குகிறது, அழைக்கிறது, சோர்ந்து விழுகிறது. நூறு கோடு போட்டுக் காட்ட வேண்டிய உணர்ச்சியை ஒரு கோட்டில் வைப்பது தேர்ந்த கைக்கே வரும். படத்தின் தரத்தைப் பிக்சல் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம் இன்று பரவிவிட்டது. முழு எச்டி என்றால் ஒரு சட்டகத்தில் 1920க்கு 1080, அதாவது இருபது இலட்சத்துக்கும் சற்றுக் கூடுதலான பிக்சல்கள். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் பிசிறான கோட்டை 4கேயில் காட்டினால் பிசிறுதான் நான்கு மடங்கு தெளிவாகத் தெரியும்.

பேலி பெரும்பாலும் பயன்படுத்தியது ஃப்ளாஷ் என்ற மென்பொருள். அது கோட்டைப் பிக்சல்களாகச் சேமிப்பதில்லை. இந்த இடத்தில் தொடங்கு, இவ்வளவு வளை, அங்கே முடி, உள்ளே இந்த நிறத்தை நிரப்பு என்ற கணக்காகவே வைத்துக்கொள்கிறது. இதை வெக்டர் முறை என்பார்கள். கோலம் தெரிந்தவள் அதே கோலத்தை வாசலிலும் போடுவாள், தேர் வீதியின் அகலத்துக்கும் போடுவாள். கோடு எங்கும் மங்காது. வாசல் கோலத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் மங்கும். வெக்டர் கோப்பும் அப்படித்தான். கைபேசித் திரைக்கும் திரையரங்கத் திரைக்கும் அதே கோப்பிலிருந்து அந்தந்த அளவில் கூர்மையான படத்தை எடுக்கலாம். இதே படத்தில் தூரிகையால் தீட்டிய காட்சிகளும், வெட்டி ஒட்டிய காட்சிகளும் ஸ்கேன் செய்த அளவோடு நின்றுவிடும். அளவுக்குக் கட்டுப்படாத கோட்டையும் அளவுக்குள் நிற்கும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் இயல்பையும் நமக்குக் காட்டுகிறார் பேலி.

படத்தின் உச்சம் அக்கினிப் பிரவேசம். சீதைக்குப் பேச்சுக்குரல் கொடுத்த ரீனா ஷாவே இந்தப் பகுதிக்காக ஆடினார். அந்த ஆட்டத்தைப் படம்பிடித்து, சட்டகம் சட்டகமாக அதன் மேல் கோடிழுத்திருக்கிறார் பேலி. அதுவரை பொம்மையாக அசைந்த உடலுக்குள் திடீரென்று உண்மையான எடை வந்துவிடுகிறது. பாதம் தரையை அழுத்துவது தெரிகிறது, முத்திரை விரிவதற்கு முன் மணிக்கட்டு ஒரு கணம் தயங்குவது தெரிகிறது. இங்கே ஹான்ஷாவின் பாட்டு இல்லை, கேலி இல்லை. தீயும் உடலும் மட்டும். உடப்பில் தீமிதிப்பைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இந்தச் சில நிமிடங்கள் விளங்குவதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

இப்படிப்பட்ட படம் வெளிவரவே முடியாமல் போயிருக்கும். ஹான்ஷாவின் ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்துவதில் அப்போது தடை இருக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளின் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமையாளர்கள் இருந்தார்கள். முதலில் கேட்ட தொகை ஏறத்தாழ 2,20,000 டொலர். பேசிப் பேசி 50,000 டொலர் அளவில் முடிந்தது. அதற்கும் கடன் வாங்கித்தான் கட்டினார். அதன்பின் அவர் செய்த காரியம் கலை உலகில் அபூர்வமானது. 2009இல் படத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டார். யாரும் தரவிறக்கலாம், திரையிடலாம், விற்கலாம். 2013இல் அந்த உரிமத்தில் எஞ்சியிருந்த கட்டுப்பாட்டையும் நீக்கி, தன் உரிமை முழுவதையும் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தார். படத்தில் வரும் 'மீன் டு மீ', 'ஆம் ஐ ப்ளூ' போன்ற 1929ஆம் ஆண்டுப் பாடல்களின் உரிமைக்காலமும் அமெரிக்காவில் 2025 ஜனவரி முதலாம் திகதியோடு முடிந்துவிட்டது. இந்தியாவில் சில இந்து அமைப்புகள் படத்தை எதிர்த்ததும் உண்மை. ஆனால் பார்க்காமல் வெறுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. படம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

படத்தின் ஃப்ளாஷ் மூலக் கோப்புகளையும் பேலி பொதுவில் வைத்தார். கோட்டின் கூர்மை முழுவதும் அந்தக் கோப்புகளுக்குள்தான் இருக்கிறது. நாளை எவ்வளவு பெரிய திரை வந்தாலும் அவற்றிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோப்பு எல்லோருக்கும் சொந்தம், அதைத் திறக்கும் மென்பொருள் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். மக்ரோமீடியாவிடமிருந்து 2005இல் ஃப்ளாஷ் அடோபியின் கைக்குப் போனது. 2013இல் அடோபி தன் மென்பொருட்களை மாதச் சந்தாவுக்கு மாற்றியது. 2016இல் ஃப்ளாஷின் பெயர் அனிமேட் ஆனது. 2020 முடிவில் ஃப்ளாஷ் ப்ளேயருக்கான ஆதரவு நின்றது. சந்தா கட்டாத பெரும்பாலோருக்கு அந்தக் கோடு மூடிய கோப்பாகவே கிடக்கும். தெளிவுத்திறனும் உரிமமும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் என்று நினைக்கிறோம். இந்தப் படத்தை வைத்துப் பார்த்தால், கோடு எத்தனை காலம் கூர்மையாக இருக்கும் என்பதை உரிமம்தான் முடிவு செய்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2002இல் நெதர்லாந்தின் டொன் ரூசென்டால், மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரை மீட்க ஒரு இலட்சம் யூரோ திரட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. பிளெண்டர் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் எல்லோருக்குமானது. அதே மென்பொருளில் லத்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் உருவாக்கிய 'ஃப்ளோ', 2025இல் சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. வெள்ளத்தில் மூழ்கிய உலகில் ஒரு பூனை படகில் போகும் கதை அது, வசனமே இல்லை. களப்பை அறிந்தவர்கள் அதில் தண்ணீர் நடத்தப்பட்டிருக்கும் விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் நம் நாட்டுக்கும் அந்நியமல்ல. 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனவர்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கையர்கள் எழுதிய சஹானா, கட்டற்ற மென்பொருளாகவே உலகுக்குப் போனது.

இந்தக் கரையோரத்தில் கணினியில் வரையத் தொடங்கும் பிள்ளைகளும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதைக் கேட்க வேண்டும். களவுப் பிரதியில் பழகாதீர்கள். அந்தப் பழக்கம் உங்கள் வேலையை இன்னொருவரின் பூட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும். பிளெண்டர், இரு பரிமாணத்துக்கு ஓப்பன்டூன்ஸ், வெக்டர் கோட்டுக்கு இங்க்ஸ்கேப் எல்லாம் காசில்லாமல், நேர்மையாகக் கிடைக்கின்றன. 'சீதா சிங்ஸ் த புளூஸ்' படத்தைத் தரவிறக்கிப் பாடசாலை மண்டபத்தில் போட்டுக் காட்டுங்கள். பேலியிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதத் தேவையில்லை. பிறகு முன்னேஸ்வரத்தின் கதையை, உடப்பின் தீயை நீங்களே வரையுங்கள். வரைந்ததை யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய கோப்பாக வைத்துவிட்டுப் போங்கள்.