கூடை எடை கழித்த பிறகு

போன மாதம் ஒரு ஞாயிறு, விடியற்காலை நாலே முக்கால். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையில், பழைய லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் நின்றன. கோப்புறையைத் திறந்தேன். நாற்பத்திரண்டு படங்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் நாற்பத்திரண்டு நாட்கள், என் கை படாமல், எல்லாம் ஒரே தராசில் நிறுத்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. சத்தம் போட்டு வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டேன். என்னைத் தவிர யாருக்கும் சந்தோஷமில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறவன். செயற்கைக்கோள் படத்தின் மேல் கிறுக்குப் பிடித்ததற்குக் காரணம் எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரைக்கு வந்து தார் மாதிரி ஒட்டிக்கொண்டதே, அப்போது எர்ணாவூர்க் கரையில் வாளி பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். எவ்வளவு கொட்டியது, எதுவரை போனது என்று அன்றைக்கு ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் எண்ணெய் புகுந்தபோதும் அதே கதை. மேலே இருந்து பார்த்த ஏதாவது ஒரு கண் இருக்குமே என்று தேடினேன். இருந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2. முதல் கோள் 2015-இலும் இரண்டாவது 2017-இலும் ஏவப்பட்டன. ஜோடியாக இரண்டு கோள்கள் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, காலை பத்தரை மணி வாக்கில் நம் தலைக்கு மேலே போகின்றன. பதின்மூன்று அலைவரிசைகளில் படம். காசு கிடையாது. கோப்பர்நிக்கஸ் தளத்தில் பேரைப் பதிந்தால் இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

காசிமேட்டு ஏலத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தராசில் பத்து கிலோ காட்டுகிறது. கூடையும் ஐஸும் தண்ணீரும் சேர்ந்த எடை அது. மீன் எவ்வளவு என்பது கூடை எடை கழித்த பிறகுதான் தெரியும். கடலுக்கு மேலே செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் நீல வெளிச்சத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. தண்ணீரிலிருந்து வருவது மீதிதான். மணலி, எண்ணூர்ப் புகையும் தூசியும் உள்ள வடசென்னையில் கூடை இன்னும் கனம். போதாததற்கு நாளுக்கு நாள் கூடை மாறும். பொங்கலன்று காலைப் பனிமூட்டத்தில் எடுத்த படத்தையும் ஆடிக் காற்றில் எடுத்த படத்தையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘தண்ணீர் கலங்கிவிட்டது’ என்று சொன்னால், அது கூடையைப் பற்றிய பேச்சு. மீனைப் பற்றியதில்லை.

இந்தக் கூடை எடையைக் கழிக்கும் மென்பொருளின் பெயர் ஆகோலைட். பெல்ஜியத்தின் ராயல் இயற்கை அறிவியல் நிறுவனத்தில் எழுதப்பட்டது. கடலோரத் தண்ணீருக்கும் கழிமுகத்துக்கும் என்றே செய்தது, இதுவும் இலவசம். அது வேலை செய்கிற விதத்தை முதன்முதலில் படித்தபோது கை தட்டிவிட்டேன். படத்துக்குள்ளேயே மிக இருண்ட புள்ளிகளை அது தேடும். ஆழமான தண்ணீர், கட்டட நிழல், சில அலைவரிசைகளில் அடர்ந்த செடி. அந்த இடத்திலிருந்து வெளிச்சம் வர வழியே இல்லை. அப்படியும் அங்கே கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறதென்றால் அது காற்றுடையது. அதை வைத்து அன்றைய தூசியின் அளவைக் கணித்து, ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு கழிக்க வேண்டுமோ அவ்வளவு கழித்துவிடும். கூடையைத் தனியாக நிறுக்காமலே கூடை எடை கண்டுபிடிக்கிற வித்தை! எங்கள் யார்டில் எடைமேடை வைத்திருப்பவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே கணக்குப் போட்டு ஒரு தடவை அசிங்கப்பட்டிருக்கிறேன். கழிமுகத்து அலையாத்திச் செடிகளின் பச்சையை அளக்க என்டிவிஐ என்று ஒரு சூத்திரம் உண்டு. அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு புள்ளியில் அகச்சிவப்பு 3000, சிவப்பு 500 என்றால் 2500-ஐ 3500-ஆல் வகுத்தால் 0.71. நல்ல பச்சை. 2022 படங்களைப் போட்டேன். அதே செடிகள் 0.45. ‘ஒரே வருஷத்தில் அலையாத்தி அழிந்துகொண்டிருக்கிறது’ என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2022 ஜனவரி 25 முதல் தயாரான படங்களில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணோடும் ஆயிரத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். மிக இருண்ட இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக. அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் படத்தோடு வரும் குறிப்புக் கோப்பிலேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. மேலே 2500 அப்படியே இருக்க, கீழே 3500 என்பது 5500 ஆகிவிட்டது. என்டிவிஐ விழுந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். ஆகோலைட் அந்தக் குறிப்பைத் தானே படித்து, தானே ஆயிரத்தைக் கழித்துக்கொள்கிறது. அன்றைக்குப் பிறகு என் கணக்கை நான் நம்புவதில்லை.

இப்போது தொகுதியாக ஓட்டுவது பற்றி. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். ஒவ்வொரு படமாகத் திறந்து, பொத்தானை அமுக்கி, காத்திருந்து, பெயர் வைத்துச் சேமித்து, மறுபடி அடுத்தது என்று ஆறு மாதம் செய்திருக்கிறேன். பத்தாவது படத்தில் கை சலிக்கும். ஒன்றில் ஒரு டிக் விட்டுப்போகும், இன்னொன்றில் எல்லை கொஞ்சம் நகரும். அப்புறம் இரண்டு படத்துக்கு நடுவே தெரியும் வித்தியாசம் ஆற்றுடையதா உன் கையுடையதா என்று சொல்ல முடியாது. தொகுதி முறையில் எல்லாம் ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் அடங்கிவிடும். படங்கள் இருக்கும் இடம், விடை போக வேண்டிய இடம், வேண்டிய அளவுகள், எல்லை. அவ்வளவுதான். அதை மென்பொருளிடம் கொடுத்துவிட்டு முதல் படத்துக்குச் செய்ததையே நாற்பத்திரண்டாவதுக்கும் செய்யச் சொல்லலாம். அது செய்யும். அலுப்பு இல்லாமல், டீ கேட்காமல்.

என் எல்லை வரி இது: 13.10, 80.24, 13.34, 80.38. தெற்கே ராயபுரம், காசிமேடு. வடக்கே காட்டுப்பள்ளி தாண்டி. சென்டினல்-2 படங்கள் கட்டம் கட்டமாக வெட்டித்தான் வரும். ஒரு முழுக் கட்டத்தில் குறுக்கே 10,980, நெடுக்கே 10,980 புள்ளிகள். இந்த எல்லையைப் போட்டால் அதில் முப்பதில் ஒரு பங்குதான் கணக்குக்கு வரும். அதனால்தான் 8 ஜிபி நினைவகம் உள்ள என் கிழட்டு லேப்டாப் மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கிறது. வரிசை மட்டும் முக்கியம். தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு. முதல் தடவை மேற்கை முன்னால் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கோப்புறை காலி. ‘எல்லை படத்துக்கு வெளியே’ என்று ஒவ்வொரு படத்துக்கும் அலுக்காமல் எழுதி வைத்திருந்தது, பாவம்.

கோடைப் படங்களில் இன்னொரு தொல்லை. சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மாதங்களில் கடல் கண்ணாடியாகப் பளபளக்கும். தண்ணீர் நிறம் தெரியாது. அந்தப் பளபளப்பைக் குறைக்க அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அதைச் சேர்த்து ஏப்ரல் படத்தை மறுபடி ஓட்டினேன். எண்ணூர்க் கரையை ஒட்டிய கலங்கல் பட்டை துணி விலகின மாதிரி வெளியே வந்தது. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே மறந்தேன்.

கலங்கல் படங்களை அச்செடுத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த அண்ணனிடம் போனேன். நாற்பது வருஷமாக அந்தக் கழியில் எறா பிடிப்பவர். படகு நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இன்னா தம்பி இது, ஆத்து வாயில விசிறி வெச்சா மாறி கீது?”

“கலங்கல் தண்ணிண்ணே. செவப்பா இருக்கிற இடத்துல ஜாஸ்தி.”

இரண்டு தாள்களைத் தனியே எடுத்து வைத்தார். ஒன்றில் விசிறி கடலுக்குள்ளே நீண்டிருந்தது. மற்றதில் கழிக்குள்ளேயே சுருண்டிருந்தது. நாள் ஐந்துதான் வித்தியாசம். அந்த வாரம் மழை இல்லை. எனக்குக் காரணம் புரியாமல் இருந்த ஜோடி.

“இது வத்தம், வெளிய இழுக்குது. இது ஏத்தம், உள்ள ஏறுது. மணி ஒண்ணுதான். தண்ணி வேறல்ல?”

கோள் வருவது எப்போதும் பத்தரை மணிக்கு. கடலுக்கு அந்தக் கடிகாரம் தெரியாது. அவர் சொன்னது ஒரு நொடியில் உறைத்தது. வீட்டுக்கு வந்து அலை அட்டவணையை எடுத்து நாற்பத்திரண்டையும் ஏத்தம், வத்தம் என்று இரண்டாகப் பிரித்தேன். குழப்பமாக இருந்த வரிசை தெளிந்தது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய வத்தங்களில் விசிறி எவ்வளவு பெரிது, கோடையில் எப்படிச் சிறுக்கிறது, முகத்துவாரத்து மணல்திட்டு வருஷத்துக்கு வருஷம் எப்படி இடம் மாறுகிறது எல்லாம் இப்போது புத்தகம் புரட்டுகிற மாதிரிப் பார்க்கலாம். எல்லாப் படமும் ஒரே தராசில் நின்றிருந்ததால்தான் அண்ணனால் அந்த இரண்டையும் பிரிக்க முடிந்தது என்பது என் கட்சி. அவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. படகில் இருந்தே தெரியும் என்கிறார்.

ஒரு கொசுறு. படங்களில் அவ்வப்போது நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று குட்டி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். மூன்றும் ஒரே விமானம்தான். நீல வரிசைக்கும் சிவப்பு வரிசைக்கும் நடுவே ஒரு வினாடி அளவுக்கு இடைவெளி. அதற்குள் அது நகர்ந்துவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது ஏதோ கோளாறு என்று பயந்தேன். இப்போது அதைத் தேடிப் பார்ப்பதே தனிச் சந்தோஷம்.

குறை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் நாம் பார்க்கத் துடிக்கிற நாளெல்லாம் மேகத்துக்கு அடியில் போய்விடும். அதை எந்த மென்பொருளும் கழிக்காது. மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்கு ரேடார் படம் எடுக்கும் சென்டினல்-1 தான் சரி. பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் ஒரு விசைப்படகு ஒன்றரை, இரண்டு புள்ளிதான் இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் குளத்து மேட்டில் ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இதில் தெரியாது.

ஆனாலும் சொல்கிறேன், இந்தப் பக்கத்து இளைஞர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆகோலைட் பழைய லேண்ட்சாட் படங்களையும் வாங்கிக்கொள்ளும். லேண்ட்சாட்-5 ஏவப்பட்டது 1984-இல். காமராஜர் துறைமுகம் திறந்தது 2001-இல். அதற்கு முந்தைய கழிமுகம் எப்படி இருந்தது என்று தாத்தாக்கள் சொல்வதை நிறுத்துப் பார்க்கத் தராசு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஓட விட்டுத் தூங்குங்கள். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை நம் ஊர் முழுக்க ஒரே சென்டினல்-2 கட்டத்துக்குள் அடங்குகிறது. அதன் பெயர் 44பிஎம்வி. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.