இடிந்த கோட்டையும் எழுதிய கையும்

கோட்டை என்றதும் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மனோர் நெஞ்சில் முதற்கண் எழுவது யாது? இலண்டன் கோபுரம், வேல்ஸ் நாட்டில் முதலாம் எட்வர்டு மன்னன் எழுப்பிய அரண்கள், எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை கலைத்த துறவி மடங்களின் கூரையற்ற சுவர்கள். இவற்றை ஆண்டு பிறழாது ஒப்பிக்கக் கற்றோம். ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் எட்டக்கூடிய மலாக்காக் கோட்டையைப் பற்றியோ, பத்து வரி எழுதவும் ஆற்றலிலேம். இக்குறையை நமக்குக் காட்டிய நூல் ஒன்று உண்டு. முன்ஷி அப்துல்லா 1843-ல் எழுதி முடித்து, 1849-ல் அச்சேற்றிய 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் மலாய் நூலே அது. அதன்கண் கோட்டை தகர்ந்த பகுதியை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

அப்துல்லா 1796-ல் மலாக்காவிற் பிறந்தவர். அராபியரும் தமிழரும் கலந்த குடி அவருடையது. ஏமனிலிருந்து வந்த அவர்தம் முன்னோர் நாகூரில் மணம் புரிந்தவர். மலாக்காச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்கும் வாணிகத்துக்குமெனத் தமிழ் பயின்ற காலம் அது. அப்துல்லாவும் பயின்றார். தமிழ் கற்றவர் மலாயில் எழுதினார். அதனை நாம் ஆங்கிலத்தில் வாசிக்கிறோம்! இந்நூலை அயலாருடையதென நாம் ஒதுக்குவது அறியாமையன்றோ?

இனிக் கோட்டையைப் பார்ப்போம். 1511-ல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கு அதைக் கட்டத் தொடங்கினார். இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்கள் தம் இறுதிப் புகலிடமாக எழுப்பிய பெருங்கோபுரம் ஒன்றே அதன் தலைமை உறுப்பு. 'புகழ் வாய்ந்தது' எனப் பொருள்படும் 'ஆ பமோசா' என்னும் பெயர் அதனால் வந்ததே. பள்ளிவாசல்களின் கற்களும் மலாய் மன்னர் கல்லறைகளின் கற்களும் அதற்குப் பயன்பட்டன. சுமந்தோர் வீழ்ந்த மன்னனின் அடிமைகள். இங்கிலாந்தில் மடங்களின் கற்கள் பிரபுக்களின் மாளிகைச் சுவர்களாயின. மலாக்காவில் தொழுகையிடத்துக் கற்கள் கோட்டையாயின. கல்லுக்குச் சமயமில்லை, அதை எடுத்துச் செல்பவனுக்கே உண்டு.

கோட்டைக்குள் அமைந்த குன்றின்மேல் 1521-ல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. பின்னர் அஃது ஏசு சபையார் கைக்குச் சென்றது. பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவா செல்லுமுன் 1553-ல் சில திங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தது. 1641-ல் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். அவர்க்குத் துணை நின்றது நம் ஜொகூர் அரசே. இன்று எஞ்சியிருக்கும் வாயிலின்மேல் டச்சுக் கம்பெனியின் சின்னத்துடன் 1670 என்னும் ஆண்டைக் காணலாம்.

1795-ல் மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. போர் முடிந்தபின் டச்சுக்காரரிடம் அதைத் திருப்பித் தர நேரின், வலிய கோட்டையோடு தரலாகாது என்பது அவர்தம் சூழ்ச்சி. ஆகவே 1807-ல் வில்லியம் பார்க்காரின் மேற்பார்வையில் தகர்ப்பு வேலை நடந்தது. அப்துல்லா அப்போது சிறுவர்.

அவர் எழுத்தின் முதற் சிறப்பு, ஆணையிட்டவனோடு நில்லாது, கடப்பாரை பிடித்தவனையும் காட்டுவது. சுவர்களிற் பேய்கள் வாழ்வதாகக் கூலிக்காரர் அஞ்சியதையும், நோயுற்றதையும், சிலர் மாண்டதையும், அதனால் கூலி உயர்ந்ததையும் அவர் விடாது கூறுகிறார். இரும்பாற் பெயராத சுவருக்குப் பின்னர் வெடிமருந்து வைத்தனர். பறந்த கற்களுக்கு அவர் கூறும் அளவு யானையும் வீடுமாம். கண்டார் சொல்லும் அளவு இதுவே. அடிக்கோல் கொண்டு அளந்திருந்தால் இவ்வச்சம் நமக்கு எட்டியிராது.

குறையும் உண்டு. கோட்டையை இழந்த மலாக்காவை அவர் கணவனை இழந்த மங்கைக்கு ஒப்பிடுகிறார். இவ்வுவமையைப் போற்றுவோர் பலர். நாம் போற்றோம். கணவன் மாண்டதும் பெண்ணின் முகத்தில் ஒளி மாண்டதென்பது, நாம் அவள்மேற் சுமத்திய வழக்கமன்றி இயற்கையன்று. மேலும், வந்தேறிய வெற்றியாளன் அடிமைகளைக் கொண்டு கட்டிய கோட்டை எவ்வாறு மலாக்காவின் கணவனாகும்? மூடநம்பிக்கைகளைப் பிற இடங்களில் இடித்துரைத்த அறிஞர், இங்கே பழைய உவமைக்கு அடிமையானார்.

ஆயினும் அவருக்கு நாம் கடன்பட்டோம். என்னை? கட்டியோரைப் பற்றி எழுத அவரைப்போல் ஒருவர் கட்டியோரிடையே இல்லை. இடித்தோரைப் பற்றி எழுத அவர் இருந்தார். 2006-ல் மலாக்காவில் வேறொரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கோட்டையின் கொத்தளம் ஒன்று வெளிப்பட்டது. அதை மீட்டெடுத்துக் கட்டினர். கல்லை மண் காத்துத் தரும். கூலிக்காரனின் அச்சத்தை எம்மண் காக்கும்? எழுத்தே காக்கும்.

இதை எழுதும் நாம் தோட்டத்துக் கிராணி. சில ஆண்டுகட்கு முன் ஒரு தோட்டத்தின் பழைய லயங்கள் இடிபட்டன. எத்தனை லாரி மண் போயிற்று, இடித்தோர்க்கு எத்தனை நாட்சம்பளம் என்பவற்றை நம் கையாலேயே பேரேட்டில் எழுதினோம். அங்கே மூன்று தலைமுறை வாழ்ந்தோர் யார், கடைசி நாள் வாசற்படியில் அமர்ந்திருந்த கிழவி என்ன சொன்னாள் என்பதை எழுதினோமில்லை. பேரேட்டில் அதற்குக் கட்டமில்லை என்று நம்மைத் தேற்றிக்கொண்டோம்.

அப்துல்லாவும் இராபிள்ஸ் துரையிடம் எழுத்து வேலை பார்த்தவரே. அவர் தம் வேலைக்கு அப்பாலும் எழுதினார்; நாம் எழுதிலேம். வேறுபாடு அவ்வளவே. தோட்டந்தோறும் கணக்கெழுதும் தோழர்காள்! மன்னர் கோட்டையை எழுதப் பிறர் உளர். லயத்தை எழுத நம்மையன்றி யார் உளர்?