சுவிட்சர்லாந்தும் சத்திரப்பட்டியும்

“குறைந்துவிட்டது! காசநோய் குறைந்துவிட்டது!”

2021ஆம் ஆண்டில் ஒரு காலை, இராசபாளையத்துத் தேநீர்க்கடையொன்றில் நாளேட்டை விரித்துப் படித்த பெரியவர் ஒருவர் எழுப்பிய மகிழ்ச்சிக் குரல் இது. அவரைக் குறைகூற நாம் முன்வரமாட்டோம். அச்சிலே கண்ட கணக்கு அப்படி! 2019இல் இந்திய நாட்டில் பதிவான காசநோயாளர் 24 இலட்சத்து 4 ஆயிரம் பேர். 2020இல் பதிவானோர் 18 இலட்சத்து 5 ஆயிரம் பேர். ஓராண்டுக்குள் நான்கில் ஒரு பங்கு காணோம்!

எங்கே போயினர் அந்த ஆறு இலட்சம் பேர்? குணமடைந்து கூத்தாடினரா? கொரோனாவைக் கண்டு காசக்கிருமி அஞ்சி ஓடிற்றா? இல்லை, நண்பர்களே, இல்லை! ஏட்டிலேதான் அவர்கள் இல்லை, வீட்டிலே இருந்தனர். கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, இருமியபடி இருந்தனர். அறிக்கை எழுதியோர் இதை மறைக்கவில்லை; கொரோனாவால் வந்த சரிவு என்றே குறித்தனர். உலக நலவாழ்வு நிறுவனமும் எடுத்துரைத்தது: உலகெங்கும் பதிவானோர் தொகை 71 இலட்சத்திலிருந்து 58 இலட்சமாக வீழ்ந்தது, அந்த வீழ்ச்சியில் நூற்றுக்கு 41 பங்கு இந்தியாவினுடையது என்று. எண்ணை எழுதியோர் சரியாகவே எழுதினர். எண்ணைப் படித்த நாம்தான் தவறாகப் படித்தோம். அந்தத் தவற்றைத்தான் இங்கே திறனாய்வு செய்யப் புகுகிறோம்.

நம் தெருவிலே ஒருவர் இருந்தார். சத்திரப்பட்டியில் தறி ஓட்டுபவர். இராசபாளையத்தை அடுத்த அந்த ஊரை மருத்துவ உலகம் அறியும். புண்ணுக்குச் சுற்றும் துணியும் அறுவைக்கு ஆகும் துணியும் நெய்து அனுப்பும் ஊர். 2020 பிப்பிரவரியிலேயே அவருக்கு இருமல் தொடங்கிற்று. “பஞ்சுத் தூசி, வேறென்ன?” என்றார். நூலாலைகளும் விசைத்தறிகளும் சூழ்ந்த வட்டாரத்தில் இருமலை யார் பொருட்படுத்துவர்? மார்ச்சு 25 வந்தது. நாடு அடைபட்டது. பேருந்து நின்றது, தறி நின்றது, கூலி நின்றது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். மறுத்தார். இருமுகிறவனைக் கண்டால் கொரோனா என்பார்கள். வாயிலில் தாள் ஒட்டுவார்கள். தெருவுக்குத் தகரம் அடிப்பார்கள். மகளோடு பிற பிள்ளைகள் விளையாடமாட்டார்கள். இவை அவர் சொன்ன காரணங்கள். நாம் அப்போது கல்லூரி மாணவர். மேற்கொண்டு வற்புறுத்த நமக்குத் துணிவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அக்டோபரில்தான் சளியைச் சோதிக்கக் கொடுத்தார். எட்டுத் திங்கள்! மருத்துவம் பெறாத ஒரு நோயாளி ஆண்டொன்றில் பத்து, பதினைந்து பேர்வரை கிருமியைப் பரப்பக்கூடும் என்பது மருத்துவர் கணக்கு. அந்தக் கணக்கில் முதல் பெயர் அவருடைய மகளுடையதாயிற்று. ஒன்பது வயதுச் சிறுமிக்குக் கழுத்திலே கட்டி.

இனி, கருவிகளின் கதை. கோவாவில் உருவாகி, காசநோயை விரைந்து கண்டறிய நம் நாட்டில் பயன்பட்டுவந்த ட்ரூநாட் கருவிகள், 2020 ஏப்ரல் முதல் கொரோனாச் சோதனைக்குத் திரும்பின. மதுரைக்கருகே தோப்பூரில் காசநோயாளர்க்கென அமைந்த அரசு நெஞ்சக மருத்துவமனை கொரோனா மருத்துவமனையாயிற்று. 2021 மே திங்களில் அங்கே ஆக்சிசன் வசதியுடன் 500 படுக்கைகள் போடப்பட்டன. மூச்சுக்குத் தவித்த மக்களுக்கு இடம் கொடுத்ததைக் குற்றமென்று கூற நமக்கு நா எழாது. திருவில்லிபுத்தூரிலிருந்தும் அங்கே போனோர் உண்டு. உயிரோடு திரும்பியோரும் உண்டு. ஆனால் ஒரு நோய்க்குரிய கருவியையும் கட்டிலையும் ஊழியரையும் மற்றொரு நோய்க்கு ஈந்துவிட்டு, முந்தைய நோய்க்கு என்ன வைத்தோம்? 2020 ஆகஸ்டில், இருமி வருவோரை இரு நோய்க்கும் சோதிக்க வேண்டுமென்று ஒன்றிய நலவாழ்வுத்துறை வழிகாட்டிற்று. நன்று! மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் பேருந்து நம் மாநிலத்தில் மீண்டும் ஓடியது செப்டம்பர் 7இல்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நம் ஐயம் தீரவில்லை. பேருந்து ஓடிய பின்னரும் ஒரு மாதம் அந்த நெசவாளியைத் தடுத்தது எது? அச்சம். அந்த அச்சத்தை அவருக்குக் கற்றுத் தந்தது கொரோனா மட்டும்தானா?

1961இல் வெளிவந்த ‘பாலும் பழமும்’ படத்தை இன்றும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், பாட்டைக் கேட்டு உருகுகிறோம். கதைத் தலைவன் மருத்துவன். புற்றுநோய்க்கு மருந்து தேடும் அறிஞன். தலைவி செவிலி. அவளுக்குக் காசநோய். அவள் செய்வதென்ன? கணவனின் ஆராய்ச்சி கெடலாகாதென்று வீட்டை விட்டே வெளியேறுகிறாள். அவளைக் குணமாக்குவது எது? சுவிட்சர்லாந்து!

இதிலே கலைக்குற்றம் காண நாம் வரவில்லை. காலக்குற்றம் காண்கிறோம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. நகரத்து ஏழை நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறினரை நலவாழ்வு இல்லத்தில் கிடத்தியும், மறு கூறினரை அவரவர் குடிசையிலே வைத்தும், இருவர்க்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. குடிசையில் இருந்தவர், நல்லுணவும் ஓய்வும் பெற்றவரைப் போலவே குணமடைந்தார்! அவர் குடும்பத்தார்க்கு அதனால் மிகுதியான தொற்றும் நேரவில்லை. மலைக்காற்று வேண்டாம், மாளிகை வேண்டாம், மருந்து போதும் என்று உலகுக்கு உரைத்த ஊர் சென்னை. ஈராண்டு கழித்து அதே சென்னையின் படத்தலைவி, மருத்துவனின் மனைவி, பிணி தீரப் பனிநாட்டுக்குப் போகிறாள்!

கமலா நேரு அம்மையார் 1936இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில்தான் உயிர் நீத்தார். அந்நாளில் மருந்தில்லை, செல்வர்க்கு மலை இருந்தது, வறியவர்க்கு அதுவும் இல்லை. 1948இல் புதுமைப்பித்தனை இந்நோய் கொண்டுபோன போது ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் காலத்துச் சோகத்தை, மருந்து வந்த காலத்துக் கதையிலும் ஒட்டவைத்தனர். கைக்குட்டையில் குருதித் துளி கண்டால் பிரிவு, தியாகம், மரணம் என்று மூன்று தலைமுறைக்குப் பாடம் நடத்தினர். எங்கள் வகுப்பில் மாணவரிடம் காசநோய் பற்றி இவ்வாண்டு கேட்டோம். முதலில் எழுந்த பையன் சொன்னது அந்தக் கைக்குட்டைதான். ஆறு திங்கள் மாத்திரை என்று சொன்னவர் எவருமில்லை. பாடநூலை நடத்தும் நமக்கும் இதில் பங்குண்டு.

பாலும் பழமும் என்றோம், அதையும் பேசிவிடுவோம். 2018 ஏப்ரல் முதல் காசநோயாளர்க்கு ஊட்ட உணவுக்கெனத் திங்களுக்கு 500 ரூபாய் அளிக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம்! பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவாவாக்கி நாடெங்கும் அனுப்பும் திருவில்லிபுத்தூரில், பதினாறு ரூபாய்க்கு எத்தனை மிடறு பால் கிடைக்கும்? 2024 நவம்பரில் அது 1000 ஆயிற்று. சார்க்கண்டில் நோயாளர் குடும்பத்தார்க்குத் தவசமும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாய் நோய் கண்டோர் தொகை ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்திருந்தது. சோறும் ஒரு தடுப்பு மருந்தே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று இந்திய அரசு முழங்கியது. 2015இல் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கைக் குறைப்பது இலக்கு. இலட்சம் பேருக்கு 237 என்றிருந்தது, 2023இல் 195க்கு வந்தது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்நாடு 2022 ஏப்ரலில் வேறொரு வழி தொடங்கியது: நோய் கண்ட அன்றே உடல் எடை, மூச்சின் வேகம், எழுந்து நிற்கும் வலு ஆகியவற்றைப் பார்த்து, மெலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. முழக்கம் சிறிது, வேலை பெரிது. இதுபோன்றவற்றை நாம் வாழ்த்துவோம்.

அந்த நெசவாளி 2021 ஏப்ரலில் மருந்தை முடித்தார். மகளும் குணமடைந்தாள், கழுத்திலே ஒரு தழும்பு இருக்கிறது. அவர் மீண்டும் சத்திரப்பட்டித் தறிக்கே போகிறார். நெய்கிற துணி எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்று அண்மையில் கேட்டோம்.

“தெரியாது தம்பி. கட்டுக் கட்டி லாரியில் ஏற்றுவதோடு சரி” என்றார்.