ஏடுகளில் காவேரிபுரம்

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கொங்கு நாட்டுக்கு இறங்கும் பழைய கணவாய்களுள் ஒன்றின் அடிவாரத்தில், காவிரியின் மேற்குக் கரையில் அமைந்த காவேரிபுரம், இன்று மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய சிற்றூராக மட்டுமே அறியப்படுகிறது. அணைக்கு முந்தைய அதன் உருவத்தைத் தேடுவோர் பயணக் குறிப்புகளையும், ஒரு மாவட்டத்தின் நிலம், வரி, மக்கள், வரலாறு ஆகியவற்றை ஆட்சியாளர் தொகுத்த ‘மேனுவல்’, ‘கெசட்டியர்’ என்னும் விவரச்சுவடிகளையும் நாட வேண்டியிருக்கிறது.

இவற்றுள் முதன்மையானது பிரான்சிஸ் புக்கானனின் பயண நூல். 1799-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின், ஆங்கிலேயர் கைக்குப் புதிதாக வந்த நாட்டின் வேளாண்மையையும் தொழில்களையும் ஆராயுமாறு கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய இம்மருத்துவர், 1800-இல் கொள்ளேகாலம் பக்கமிருந்து மலையிறங்கி இவ்வூரை அடைந்தார். 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில், இங்கிருந்து கோயம்புத்தூர் வரையிலான வழிக்கென்றே ஓர் இயல் உண்டு. இங்குள்ள கோட்டையைக் கெட்டி முதலி என்னும் பாளையக்காரர் கட்டியதாக வழங்கிய செய்தியையும் அவர் பதிந்தார். தாரமங்கலம் கோயில் திருப்பணியால் புகழ்பெற்ற அம்மரபின் எல்லை ஆற்றைத் தாண்டியும் பரவியிருந்ததற்கு இக்குறிப்பு மதிப்புமிக்க சான்று. ஆனால் அது செவிவழிச் செய்தி என்பதை மறந்து, அதைக் கல்வெட்டுக்கு நிகராகக் கொள்ளலாகாது.

ஊர்ப்பெயரில் ஏற்படும் மயக்கம் தேடலின் பெரிய இடர். ஆங்கில ஏடுகளில் ‘கேவரிபோரம்’, ‘காவேரிபுர’ என்றெல்லாம் திரியும் இப்பெயரை, தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டினத்தோடு குழப்புவது எளிது. முதல் மைசூர்ப் போர் பற்றிய நூல்களில் இரு கோட்டைகளும் இடம்பெறுவதால், அருகில் குறிக்கப்படும் ஆறு எது, கணவாய் எது என்று பார்த்த பிறகே ஒரு செய்தியை எந்த ஊருக்கு உரியதென்று துணிய வேண்டும்.

மாவட்ட எல்லையும் இவ்வாறே வழிதவறச் செய்யும். ஊர் இன்று சேலம் மாவட்டத்தில் இருப்பதால், ரிச்சர்ட்ஸ் 1918-இல் தொகுத்த சேலம் கெசட்டியரையே ஆய்வாளர் முதலில் புரட்டுவர். ஆனால் அக்காலத்தில் மேற்குக் கரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பவானி வட்டத்தைச் சேர்ந்தது என்பதால், பார்க்க வேண்டிய ஏடு நிக்கல்சனின் 1887-ஆம் ஆண்டுக் கோயம்புத்தூர் மேனுவல். பின்னாளில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பற்றிய அறிக்கையால் பெயர்பெற்ற அவர், உழவரின் கடனையும் கிணற்றுப் பாசனத்தையும் பொறுமையோடு நோக்கியவர். போர்ச் செய்திகளைவிட அப்பக்கங்களே இப்பகுதியின் அன்றாட வாழ்வுக்கு நெருக்கமானவை.

பழைய ஏட்டில் உள்ள ஊர் தொடர்ந்து பிந்தைய ஏடுகளிலும் வருவதைப் பல சான்றுகள் ஒத்துப்போவதாக எண்ணுதல் தவறு. 1815-இல் வெளியான வால்டர் ஹாமில்டனின் கெசட்டியர் பல ஊர்களுக்குப் புக்கானனையே ஆதாரமாகக் காட்டுகிறது; அவ்வாறு ஒருவர் கூற்றை மற்றவர் எடுத்தாளும்போது சான்று ஒன்றே.

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை, இவ்வேடுகள் வருணித்த ஆற்றோர நிலத்தை நீருக்குள் கொண்டுபோனது. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளித்தெரிகின்றன. 1934-க்கு முந்தைய நில அளவைப் படங்களைக் கையில் கொண்டு, ஏடுகள் சொல்லும் தொலைவுகளை நேரில் அளந்து பார்க்க அந்தச் சில வாரங்களே வாய்க்கின்றன.