கிளாட் கோடின் துணை முகவர்கள்: பிரித்துக் கொடுக்கும் வேலையின் பயனும் விலையும்

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 பிப்ரவரியில் முன்னோட்டமாக வெளியிட்ட கிளாட் கோட், டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் இயங்கி, கோப்புகளைப் படித்தும் திருத்தியும் வேலையைத் தானே முன்னெடுத்துச் செல்லும் செயற்கை நுண்ணறிவு முகவர் ஆகும். அதன் வசதிகளுள் தனித்து ஆராயத்தக்கது, முதன்மை முகவர் வேலையைக் கூறுகளாக்கி, ஒரே நேரத்தில் இயங்கும் துணை முகவர்களிடம் ஒப்படைக்கும் முறை.

பல ஆண்டுகளாக வளர்ந்த ஒரு நிரல் தொகுப்பில் உள்நுழைவு, கட்டணம், அறிவிப்பு ஆகிய பகுதிகள் எங்கெங்கே பிணைந்துள்ளன என்று கண்டறியச் சொன்னால், பகுதிக்கு ஒன்றாகத் துணை முகவர்களை ஏவ முடிகிறது. ஒவ்வொன்றும் எத்தனை முறை கருவிகளைக் கையாண்டது, எத்தனை டோக்கன்களை, அதாவது மொழி மாதிரி உரையைப் பகுத்துக் கையாளும் சிறு அலகுகளை, செலவிட்டது என்னும் கணக்கும் திரையில் தெரிகிறது. நேரம் மிச்சமாவது கண்கூடு. ஆயினும் மெய்யான ஆதாயம் நினைவிடத்தில்தான் இருக்கிறது. மாதிரி ஒரு சமயத்தில் கருத்தில் கொள்ளக்கூடிய உரையின் எல்லையே சூழல் சாளரம். துணை முகவர் ஒவ்வொன்றுக்கும் அது தனியே அமைவதால், எத்தனை கோப்புகளைப் புரட்டினாலும் முதன்மை முகவரிடம் வந்து சேர்வது இறுதி அறிக்கை மட்டுமே; அதன் சாளரம் தேவையற்ற வரிகளால் நிரம்புவதில்லை.

குறையும் இதே பிரிவிலிருந்துதான் பிறக்கிறது. பழைய கட்டண முறையைத் தொடக்கூடாது என்று பயனர் முன்பே சொல்லியிருந்தாலும், ஒப்படைப்புக் குறிப்பில் அது இடம்பெறாவிட்டால் துணை முகவர் அதை அறிய வழியில்லை. இதே அமைப்பில் உருவான தன் ஆய்வுக் கருவியைப் பற்றி ஆந்த்ரோபிக் 2025 ஜூனில் எழுதிய கட்டுரை இதை ஒளிவின்றிப் பதிவு செய்கிறது: குறைக்கடத்திச் சில்லுத் தட்டுப்பாடு பற்றி ஆராயுமாறு சுருக்கமாகப் பணித்தபோது, ஒரு துணை முகவர் 2021-இன் வாகனச் சில்லு நெருக்கடிக்குள் போய்விட, வேறு இரண்டு 2025-இன் விநியோக நிலையையே ஆராய்ந்து ஒரே வேலையை இரட்டிப்பாகச் செய்தன. தனி முகவரைவிட இவ்வமைப்பு அந்நிறுவனத்தின் உள் மதிப்பீட்டில் 90.2 விழுக்காடு மேம்பட்டதாகக் கூறும் அக்கட்டுரை, சாதாரண உரையாடலைவிட ஏறக்குறைய 15 மடங்கு டோக்கன் செலவாவதையும் சொல்கிறது. சிறிய பிழைத்திருத்தத்துக்கு இச்செலவு வீண்.

நிரலை எழுதும் வேலையைப் பங்கிடுவதோ இன்னும் இடர் மிக்கது. ஒரு துணை முகவர் எடுத்த முடிவை மற்றொன்று அறியாமையால், தனித்தனியே சரியாக இருக்கும் துண்டுகள் சேரும்போது முரண்படுகின்றன. துணை முகவரை வரையறுக்கும் மார்க்டவுன் என்னும் எளிய உரை வடிவக் கோப்பிலேயே அதற்குரிய கருவிகளை வரம்பிட முடியும் என்பதால், தேடவும் படிக்கவும் மட்டும் உரிமை தந்து, திருத்தும் பொறுப்பை முதன்மை முகவரிடமே நிறுத்துவது இக்கருவியைப் பயன்படுத்தத் தகுந்த வழியாகும்.